இடது கை இறங்கக் கூடாது

அவன் கண்ணில் கோளாறு என்று முதலில் காட்டிக்கொடுத்தது ஒரு டீ டம்ளர். காலை ஆறரை மணி. ஐஸ் கம்பெனிக்குக் கிளம்பும் அவசரத்தில், குடித்து முடித்த டம்ளரை மேஜையின் இடது ஓரத்தில் வைத்தான். மேஜை அதற்கு நாலு விரல் முன்னாலேயே முடிந்துவிட்டிருந்தது. டம்ளர் தரையில் விழுந்து, உருண்டு, தையல் மெஷினுக்கு அடியில் போய் நின்றது.

“காலங்காத்தால ஆரம்பிச்சாச்சா?” என்றாள் அவன் அம்மா, மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல். “டம்ளர் என்னடா பண்ணிச்சு உன்ன? அதுக்கும் ஒரு நாக் அவுட்டா?”

அவன் சிரித்தான். அவன் மனைவி சிரிக்கவில்லை. குனிந்து டம்ளரை எடுத்தவள், அதையும் மேஜையையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. ஆறு வருடமாக ஆட்களின் மூக்கில் ஃப்ரேமை வைத்து, காது பின்னால் இறுக்கிப் பார்த்து, கம்பியைச் சூடு காட்டி வளைத்துக் கொடுக்கிறாள். கூட்டம் அதிகமான நாட்களில் கண் பரிசோதகருக்கு உதவியாக, சுவரில் மாட்டிய அட்டைக்குப் பக்கத்தில் குச்சியோடு நிற்பாள். எழுத்துக்கள் இல்லாத அட்டை அது. முள்கரண்டி போன்ற ஒரே குறி, வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே போகும். அதன் பற்கள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்று வந்தவர் சொல்ல வேண்டும். மேலே, கீழே, வலது, இடது. அவ்வளவுதான். பரிசோதகர் யாரிடமாவது குரலைத் தாழ்த்திப் பேசினால் என்ன சொல்கிறார் என்று அவளுக்குப் பார்க்காமலே தெரியும். “ஓரத்துல திரை இழுத்த மாதிரி இருக்கா? மின்னல் மாதிரி வெட்டுதா? இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. நாளைக்குன்னு வைக்காதீங்க.”

அன்று சாயங்காலம் மாமியார் தைத்து முடித்த தலையணைகளைக் கடைக்குக் கொண்டுபோன நேரம் பார்த்து, அவனை நாற்காலியில் உட்கார வைத்து வலது கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடினாள்.

“இது எத்தன விரல்?”

“எங்க இருக்கு விரல்?”

“மூஞ்சிக்கு நேரா காட்டறேன்டா.”

மாமியார் முன்னால் அவனை ‘நீங்க’ என்பாள். தனியாக இருக்கும்போது ‘நீ’, ‘டா’ எல்லாம் தாராளமாக வரும். அன்று அந்த ‘டா’வில் குரல் நடுங்கியது.

மூன்று வாரமாக இப்படித்தான் இருக்கிறது என்றான். குத்துச்சண்டை அமெச்சூர் இறுதிப் போட்டியில், இரண்டாவது ரவுண்டில், எதிராளியின் கிளவுஸ் கட்டைவிரல் தலைக்கவசமான ஹெட்கார்டின் இடைவெளியில் நுழைந்து இடது கண்ணில் இறங்கியது. அப்புறமும் ஜெயித்தான். மூன்றாவது வருடமாகத் தொடர்ந்து சாம்பியன். கையைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்திலேயே இடது கண் சிவந்துதான் இருந்தது.

“ஓரத்துல திரை மாதிரியா?”

“திரைன்னா... யாரோ பக்கத்துல வந்து நிக்கிற மாதிரி. திரும்பினா யாரும் இல்ல.”

“நாளைக்கே ஆஸ்பத்திரி.”

“போனா ஆபரேஷன்னு சொல்லுவாங்க. ஆபரேஷன் பண்ணவனுக்குக் கிளவுஸ் மாட்ட எவனும் லைசென்ஸ் தர மாட்டான். கோட்டுக்காரர் இந்த வாரம்தானே வந்து பேசிட்டுப் போனாரு?”

எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாத ஒருவர், தொழில்முறைப் பந்தயங்கள் நடத்துகிறவர், அவர்கள் வீட்டுக்கு வந்து ஒற்றை நாற்காலியில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்து போயிருந்தார். அவர் தலைக்கு மேலே சுவரில் நான்கு கடிகாரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அமெச்சூர் போட்டிகளில் கோப்பையோடு கொடுத்த பரிசுகள். ‘நாலு கடிகாரம் ஜெயிச்சிருக்கான், வேலைக்கு மட்டும் தினம் லேட்டு’ என்பது அவன் அம்மா எல்லோரிடமும் சொல்லும் நகைச்சுவை.

“பன்னெண்டு வயசுலேந்து அடி வாங்கறேன்,” என்றான். “கடிகாரத்துக்கா? காலைல போய் ஐஸ் கட்டிய கொக்கி போட்டு இழுக்கறேன். சாயங்காலம் விரல் மடங்க மாட்டேங்குது, அந்தக் கையாலதான் போய் குத்தறேன். பத்து ஃபைட். பத்தே பத்து. அப்புறம் நீ சொல்ற ஆஸ்பத்திரிக்கு நானே வரேன்.”

“பத்துதான?”

“உன் தலைல அடிச்சு.”

“என் தலைய விடு. உன் தலைல எத்தன அடி விழும்னு பாரு.”

சம்மதித்துவிட்டாள். ஏன் சம்மதித்தாள் என்று பின்னாளில் பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டாள். ஐஸ் கம்பெனியில் வெடித்துப்போன அவன் விரல்களுக்காக என்று சொல்லிக்கொள்ளலாம். அது பாதி உண்மை. மீதிப் பாதி அவளுடைய ஆசை. மூன்று வருடம் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தும் ஹெட்கார்டுக்குள் அவன் முகத்தை அவள் சரியாகப் பார்த்ததில்லை. தொழில்முறையில் ஹெட்கார்டு கிடையாது. பனியனும் கிடையாது. விளக்கு வெளிச்சத்தில் அந்த முகத்தை ஊரே பார்க்க வேண்டும் என்றிருந்தது அவளுக்கு.

லைசென்ஸுக்கு ஒரு டாக்டரிடம் கண் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அந்த டாக்டரின் அறைக்குக் கடையிலிருந்து கண்ணாடிப் பொட்டலங்கள் கொண்டுபோய்க் கொடுத்தவள் அவள். அங்கே மாட்டியிருந்தது கடையில் இருக்கும் அதே அட்டை, அதே கம்பெனி அச்சடித்தது. வலது கண் பிரச்சினை இல்லை. இடது கண்ணுக்கு அந்த டாக்டர் கேட்பது கடைசி வரியை மட்டும்தான். அந்த ஒரு வரியை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்தாள்.

வலது, மேலே, வலது, இடது, இடது, கீழே.

அவனுக்கு ஏறவில்லை. மூன்று நாள் ஆகியும் நாலாவது சொல்லில் தடுக்கி விழுந்தான்.

“ஆறு வார்த்தை! ஆறே ஆறு! ஸ்கூல்ல எப்படிடா பாஸ் பண்ண?”

“யாரு பாஸ் பண்ணா?”

“கிளப்புல மாஸ்டர் சொல்லிக் குடுக்கறதெல்லாம் மட்டும் எப்படி ஞாபகம் இருக்கு? ஒண்ணு ரெண்டு மூணுன்னு வரிசையா குத்தற?”

“அது மண்டைல இல்லையே. கைல இருக்கு.”

அவள் தாளைக் கட்டிலில் போட்டாள். பிறகு மாமியாரின் மூட்டையிலிருந்து புதுத் தலையணை ஒன்றை உருவி நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். “அப்ப கைக்கே சொல்லிக் குடுப்போம். வலதுன்னா வலது கை நேர் குத்து. மேலேன்னா தாடைக்குக் கீழேந்து மேல. இடதுன்னா இடது கை, பக்கவாட்டுல. கீழேன்னா அதே இடது கை, விலாவுக்கு. வா.”

“உன்னயா?”

“தலையணைய. மெதுவா. வலது!”

அரைமணி நேரத்தில் ஏறிவிட்டது. மறுநாள் காலையும் மறக்கவில்லை. அதன்பின் தினமும் டீக்கு முன்னால், கதவைச் சாத்திக்கொண்டு, நூறு தடவை. தலையணையின் மேல் அவன் முஷ்டிகள் விழும் மெத்தென்ற சத்தமும் அவள் குரலும் கதவைத் தாண்டி வரும்.

“வலது... மேலே... வலது... இடது, இடது... கீழே!”

“என்னத்தடி பண்றீங்க ரெண்டு பேரும்?” என்று மாமியார் வெளியிலிருந்து கத்துவாள். “அலமாரிய நகத்தறீங்களா? அது விக்கிற தலையணை! பஞ்சு ஒரு பக்கமா ஒதுங்கிப்போச்சுன்னு கடைக்காரன் என்னத்தான் திட்டறான்!”

உள்ளே இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவன் நெற்றி வியர்வை அவள் தோளில் ஒட்டும். கல்யாணமாகி நாலு வருடத்தில் அவர்கள் அவ்வளவு நெருக்கமாக இருந்ததில்லை. பொய்க்குத்தான் ஒத்திகை பார்க்கிறோம் என்பது அந்த நேரத்தில் இரண்டு பேருக்கும் மறந்துபோய்விடும்.

டாக்டர் வலது கண்ணை மூடச் சொன்னார். அவன் கடைசி வரியைத் தடங்கல் இல்லாமல் சொன்னான். சொல்லும்போது தோள்கள் தாமாகவே குலுங்கின.

“சாம்பியன், உட்காந்த இடத்துலயே குத்தறீங்களே!” என்று டாக்டர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அந்தத் தாளில் இன்னொரு கையெழுத்தும் வேண்டியிருந்தது. ‘இவன் உடல்தகுதியோடு இருக்கிறான் என்று பயிற்சியாளராகிய நான் உறுதி அளிக்கிறேன்.’ மாஸ்டர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு முழுவதையும் படித்தார். அந்தக் கண்ணாடியும் அவள் பொருத்திக் கொடுத்ததுதான். “ஏம்மா, எல்லாம் சரியா இருக்கில்ல?” என்று கேட்டார். “சரியா இருக்கு மாஸ்டர்,” என்றாள். போட்டுவிட்டார்.

மாஸ்டருடைய கிளப் ஒரு பழைய கிடங்கு. தகரக் கூரை, மணல் மூட்டைகள், தரையில் தார்ப்பாய், எப்போதும் வியர்வையும் தைலமும் கலந்த வாசனை. அவரிடம் ஒரே ஒரு வேதம்: இடது கை இறங்கக் கூடாது. புதிதாக வருகிறவனின் இடது மணிக்கட்டில் ஒரு கயிற்றைக் கட்டி மறுமுனையைப் பல்லில் கடிக்கச் சொல்வார். கை இறங்கினால் கயிறு பல்லை இழுக்கும். ஆறு மாதம் அப்படி. “முன்பல்லு ஆடினாத்தான்டா புத்தி வரும்,” என்பார். அவனுக்கும் கட்டியிருக்கிறார். அவன் கடித்த கயிறு இன்னும் கிளப்பில் ஆணியில் தொங்கியது.

தொழில்முறை வேறு உலகமாக இருந்தது. கிளவுஸ் மெலிந்தது. மூன்று ரவுண்டு ஆறாகி, எட்டாகி, பத்தானது. அமெச்சூரில் தொட்டால் புள்ளி. இங்கே தொட்டால் கைதட்டல்கூடக் கிடையாது, ஆள் விழ வேண்டும். குத்து விழும் சத்தமே வேறு. ஈரத்துணியைக் கல்லில் அடிப்பது போன்ற அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் மடியில் இருந்த கைப்பையின் வாரை முறுக்குவாள். போட்டிக்கு முந்தைய வாரம் வீட்டில் உப்பில்லாத வேகவைத்த காய், முட்டை வெள்ளைக்கரு, அரை டம்ளர் தண்ணீர். அவன் பட்டினி கிடக்கிறானே என்று அம்மாவும் ஒளிந்து நின்று சாப்பிடுவாள். “மெல்ற சத்தம் கேட்டா புள்ளைக்குப் பசிக்கும்,” என்பாள்.

ஒன்பது போட்டிகள். ஒன்பதும் ஜெயித்தான். இடது பக்கம் தெரியாததை மறைக்கத் தலையை எப்போதும் கொஞ்சம் இடதுபுறமாகத் திருப்பி வைத்துக்கொண்டான். அதை அவனுடைய பாணி என்று எழுதினார்கள். ஐஸ் கம்பெனியை விட்டான். சுவரொட்டியில் அவன் முகம் வந்தது. கண்ணாடிக் கடைக்கு எதிர்ச் சுவரிலேயே ஒட்டியிருந்தார்கள். அவள் கல்லாவிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே லென்ஸ் துடைத்தாள்.

இரண்டாம் வருடம் லைசென்ஸைப் புதுப்பிக்க மறுபடியும் கண் பரிசோதனை. ஆகவே தலையணை ஒத்திகையும் நிற்கவில்லை. இரண்டு வருடம், தினமும் காலையில், நூறு தடவை. அதற்குள் திரை கிட்டத்தட்ட முழுக் கண்ணையும் மூடியிருந்தது.

“இது பத்தாவது,” என்றாள், சாம்பியன் பட்டப் போட்டிக்கான ஒப்பந்தம் வந்த அன்று.

“தெரியும். இது முடிஞ்சதும் ஆஸ்பத்திரி. கோட்டுக்காரர் கால்ல விழுந்தாலும் போக மாட்டேன்.”

“அவரு ஏன் உன் கால்ல விழறாரு? கோட்டு கசங்கிடாதா?”

இருவரும் சிரித்தார்கள். இருவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

போட்டி ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். உள்ளரங்கத்தில் மின்விசிறிகள் சூட்டைத்தான் சுற்றிக்கொண்டிருந்தன. எதிராளி துறைமுகத்தில் மூட்டை இறக்கியவன். எல்லோரும் துறைமுகத்தான் என்றே கூப்பிட்டார்கள். ஐந்து ரவுண்டு வரை இவன்தான் முன்னால். ஆறாவதில் துறைமுகத்தானின் வலது கை, இவனுக்குத் தெரியாத பக்கத்திலிருந்து வந்து காதோரம் இறங்கியது. கால்கள் ஒரு கணம் பின்னின. மயக்கத்தில் அவன் கைகள் தாமாக வேலையை ஆரம்பித்தன.

வலது. மேலே. வலது. இடது, இடது, கீழே.

ஆறும் விழுந்தன. துறைமுகத்தான் கயிற்றில் சாய்ந்தான். கூட்டம் எழுந்து நின்று கத்தியது. மூன்றாவது வரிசையில் அவள் மட்டும் எழுந்திருக்கவில்லை. உதடுகள் மட்டும் அவளை அறியாமல் அசைந்திருந்தன.

இடைவேளையில் மாஸ்டர் அவன் முகத்தில் தண்ணீரை அறைந்தார். “என்னடா அது? எவன் சொல்லிக் குடுத்தான் அத? கடைசில இடது கை கீழ போகுது, மூஞ்சி தொறந்து கெடக்குது! அத விடு! கேக்குதா? அத விடு!”

அவன் தலையாட்டினான். ஏழாவதிலும் அடி வாங்கினான். ஏழாவதிலும் கைகள் அதையே சொல்லின. இந்த முறை துறைமுகத்தானின் மூலையிலிருந்து ஒரு ஆள் விரலை விட்டு எண்ணுவதை அவள் பார்த்தாள். ஒன்று, இரண்டு என்று ஆறு வரை எண்ணிவிட்டு, தன் வலது முஷ்டியை உள்ளங்கையில் குத்திக் காட்டினான்.

எட்டாவது ரவுண்டில் அவன் புருவம் கிழிந்து, நல்ல கண்ணிலும் ரத்தம் வழிந்தது. அதற்குமேல் துறைமுகத்தான் அடிக்கவில்லை. கைகளை உயர்த்தி மூடிக்கொண்டு காத்திருந்தான்.

வலது.

“வேண்டாம்,” என்றாள் அவள். பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

மேலே. வலது.

“விடு! நிறுத்துடா!” எழுந்து நின்று கத்தினாள். ஆயிரம் பேர் கத்துகிற இடத்தில் அவள் குரல் எங்கே போய்ச் சேரும்? இரண்டு வருடமாக ஒவ்வொரு சொல்லாக அவனை நடத்திக்கொண்டு போன அதே குரல்தான்.

இடது. இடது.

கீழே.

இடது கை இறங்கியது. அந்தப் பக்கம் திறந்து கிடந்தது. அங்கிருந்து என்ன வருகிறது என்று பார்க்க அவனுக்கு அங்கே கண் இல்லை.

இடது கண் முழுவதும் போய்விட்டது. இரண்டு ஆபரேஷன் செய்தார்கள். அடிபட்ட வலது கண்ணிலும் மங்கலாக, ஈரக் கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல உருவங்கள் தெரியும். இது புதுக் காயம் இல்லை, பழசு, இரண்டு வருடத்துக்கு மேலாக இருந்திருக்கிறது என்று ஆஸ்பத்திரி எழுதிக் கொடுத்தது. குத்துச்சண்டைச் சங்கம் விசாரணை வைத்தது. லைசென்ஸுக்குக் கையெழுத்துப் போட்ட டாக்டர், ‘என் முன்னால் கடைசி வரியைச் சரியாகச் சொன்னான்’ என்று பதிவேட்டைக் காட்டித் தப்பித்துக்கொண்டார். கோட்டுக்காரர் ஒரு பழக்கூடை அனுப்பினார். மிஞ்சியது மாஸ்டர். ஒரு கண் தெரியாதவனைத் தெரிந்தே மேடை ஏற்றியவர் என்று தீர்மானம் எழுதி, அவருடைய பயிற்சியாளர் உரிமையை ரத்து செய்தார்கள். கிளப்பின் ஷட்டரை இழுத்துப் பூட்டினார்கள். தெருவில் பெற்றோர்கள் அவரைக் கண்டால் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

விசாரணைக்கு முதல் நாள் அவள் ஒரு தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தாள்.

“என்ன எழுதற?” என்று கேட்டான், கட்டிலிலிருந்து.

“நடந்தத.”

“எழுதி? உன் கடைல வச்சிருப்பாங்களா உன்ன? உன்ன புடிச்சு உள்ள போடுவாங்க. அம்மாக்கு யாரு சோறு போடறது? நானா? நான் டம்ளரையே தேடறேன்.”

“மாஸ்டர்...”

“அவரு பெரியவரு. தாங்கிப்பாரு. நீ வாயத் தொறக்காத.”

அவள் தாளை மடித்து வைத்தாள். மறுநாள் கடைக்குப் போய், வழக்கம் போல, சுவரில் இருந்த அட்டையைத் துடைத்தாள்.

மாஸ்டர் ஒரு மாதம் கழித்து வந்தார். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த பிற்பகல். கையில் ஒரு துணிப்பை. அதே ஒற்றை நாற்காலியில், நான்கு கடிகாரங்களுக்குக் கீழே உட்கார்ந்தார். அவன் அம்மா மெஷினை நிறுத்திவிட்டு டீ போட்டுக் கொண்டுவந்தாள்.

“கிளப்ப காலி பண்ணேன். உன் சாமான் கொஞ்சம் கெடந்துது,” என்றார். பையிலிருந்து பழைய ஹெட்கார்டை எடுத்துக் கட்டிலில் வைத்தார். அதற்குமேல் சுருட்டிய ஒரு கயிறு. ஒரு முனையில் பல் பதிந்த தடம் கறுத்திருந்தது.

“மாஸ்டர், என்னால உங்களுக்கு...” அவன் ஆரம்பித்தான்.

“அத விடு. உனக்கே தெரியலன்னு நெனச்சுக்கறேன். கண்ணு மெதுவாப் போச்சுன்னா ஆளுக்கே தெரியாதாம், ஆஸ்பத்திரில சொன்னாங்க.” டீயை ஒரு வாய் குடித்தார். “எனக்கு ஒரே ஒரு விஷயம்தான்டா தூக்கம் வர விட மாட்டேங்குது. அந்த ஆறு குத்து. அது நான் சொல்லிக் குடுத்தது இல்ல. உன் கை எனக்குத் தெரியும், பதினஞ்சு வருஷமா நான் வளத்த கை. என்கிட்ட வந்த எவனுக்கும் கை இறங்கற மாதிரி எதையும் நான் சொல்லிக் குடுத்ததே இல்ல. அத எங்கடா கத்துக்கிட்ட?”

அவன் கயிற்றின் முனையை விரலால் தடவிக்கொண்டிருந்தான். வெளியே சொட்டும் மழை தகரத்தில் விட்டு விட்டு விழுந்தது.

“எந்த குத்து?” என்றாள் அவன் அம்மா.

மாஸ்டர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாகச் சொல்லிக் கைகளால் காட்டினார். வலது. மேலே. வலது. இடது, இடது. கீழே.

அவன் அம்மா முகம் மலர்ந்தது. மகன் படுத்ததிலிருந்து அவள் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. “ஐயே, இதுவா? இது இவ சொல்லிக் குடுத்தது மாஸ்டர்! என் மருமக! ரெண்டு வருஷமா தினம் காலைல கதவச் சாத்திக்கிட்டு ரெண்டும் இதே கூத்துதான். வலது, மேலே, வலதுன்னு இவ கத்த, அவன் என் தலையணைய எல்லாம் குத்திக் கிழிக்க... டாக்டருகிட்ட போறதுக்கு முன்னால பாத்தா இன்னும் ஜாஸ்தி! புருஷன் மேல அவ்ளோ அக்கறை அவளுக்கு.”

மாஸ்டர் அவளைப் பார்த்தார். பிறகு மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றினார். கையில் வைத்துக்கொண்டு, அதைப் பொருத்திக் கொடுத்தவள் எங்கே வேலை செய்கிறாள், அந்தக் கடைச் சுவரில் என்ன மாட்டியிருக்கிறது, எதற்கு முன்னால் தன்னையும் உட்கார வைத்து ‘மேலே, கீழே’ சொல்லச் சொன்னாள் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறவர் போல உட்கார்ந்திருந்தார். அதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

“எல்லாம் சரியா இருக்கான்னு உன்னத்தான்மா கேட்டேன்,” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். கண்ணாடியைக் கயிற்றின் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்தார். அது இல்லாமல் படி தெரியாமல் தடுமாறி இறங்கினார். அவன் அம்மா குடையோடு பின்னால் ஓடினாள். “என்ன மாஸ்டர், டீ அப்படியே இருக்கு? நான் எதாவது தப்பா சொல்லிட்டனா?”

வீட்டில் நான்கு கடிகாரங்களின் சத்தம் மட்டும் கேட்டது. ஒவ்வொன்றும் ஒரு நேரம் காட்டியது.

“போயிட்டாரா?” என்றான். மங்கலான கண்ணால் நாற்காலியைத் தேடினான். “நீ எங்க இருக்க?”

அவள் அதற்குள் நடந்து வந்து கட்டிலில் அவனுக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தாள். ஒரு கையெட்டும் தூரம்தான். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் உட்கார்ந்தால் அவனுக்குத் தெரியாது என்று அவளுக்குத் தெரியும்.

“ஏய், எங்க இருக்க?” என்று காலியாக இருந்த வலது பக்கத்தைப் பார்த்து மறுபடியும் கேட்டான்.